பிருங்கி முனிவருக்கு மூன்றாவது கால் எதற்கு?

சிவன் கோயில் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், ஆடும் கூத்தனுக்கு அருகே விலா எலும்புகள் துருத்த, மூன்று கால்களுடன் நிற்கும் ஒருவரை எங்காவது கண்டிருப்பீர்கள். அவர்தாம் பிருங்கி முனிவர். சிவனை மட்டுமே வணங்குவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராம். உமையம்மை சினந்து, தன் பங்கான தசையையும் குருதியையும் அவர் உடலிலிருந்து எடுத்துக்கொண்டாளாம். வெறும் எலும்பாகத் தள்ளாடியவருக்குச் சிவன் மூன்றாவது காலைக் கொடுத்தார் என்று கதை முடிகிறது.

புராணம் ஒருபுறம் இருக்கட்டும். கதையைச் சொன்னவருக்கு இயற்பியல் தெரிந்திருக்கிறது! நாற்காலி மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடுவதில்லை. நாம் இரண்டே கால்களில் நிற்பது எலும்பின் வலிமையால் மட்டுமன்று. தசைகள் கணந்தோறும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்து கொண்டே இருப்பதால்தான். தசையை நீக்கினால் எலும்புக்கூடு சரிந்துவிடும். (மூட்டுகள் தளர்ந்திருந்தால் மூன்றாவது காலும் உதவாது என்று என் மாணவர்கள் சொல்லக்கூடும். சரிதான், முனிவருக்காக அதை விட்டுவிடுவோம்.)

பிருங்கியை எனக்கு நினைவூட்டியவள் கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள். சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். "ஒரு வருஷம் பார், கிடைக்காவிட்டால் வேறு படிப்பு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் தன் வரைபடத் தாள்களைக் கொண்டுவந்து காட்டினாள். முகங்களும் விரல்களும் சேலை மடிப்புகளும் அழகாகவே இருந்தன. "ஆனால் சார், நான் வரைகிற ஆட்கள் எல்லாரும் விழப்போகிற மாதிரியே இருக்கிறார்கள். இத்தனைக்கும் 206 எலும்புகளின் பெயரும் எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு ஓவியம் வராது. ஆனால் விழுவது ஏன் என்பது என் பாடம். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, சுவரில் ஒட்டிய அவள் படத்தின் முன் தொங்கவிட்டேன்.

நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்பு எலும்பு வளையத்துக்குள், தரையிலிருந்து உயரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காட்டில் இருக்கிறது. அங்கிருந்து தொங்கும் தூக்குநூல் பாதங்கள் அடைத்துள்ள இடத்துக்குள் விழ வேண்டும். இல்லையேல் ஆள் விழுவார். நம்பிக்கை இல்லையா? இடத் தோளும் இடப் பாதத்தின் வெளிவிளிம்பும் சுவரைத் தொடும்படி பக்கவாட்டில் நின்றுகொண்டு வலக்காலைத் தூக்கிப் பாருங்கள். முடியாது. ஈர்ப்பு மையத்தை இடப் பாதத்தின் மேல் கொண்டுபோக உடல் இடப்பக்கம் நகர வேண்டும், சுவர் விடாது.

அவள் வரைந்த பெண் எல்லாப் பாரத்தையும் வலக்காலில் தாங்கி நின்றாள். ஆனால் இடுப்பும் தோளும் படுக்கைக் கோடுகளாக இருந்தன. உண்மையில் என்ன நடக்கிறது? பாரம் தாங்கும் காலின் பக்கம் இடுப்பு எலும்பு உயர்கிறது. தளர்ந்த காலின் பக்கம் தாழ்கிறது. முதுகெலும்புத் தொடர் அந்தச் சாய்ந்த அடித்தளத்தின்மேல் நிற்க வேண்டியிருப்பதால் வளைகிறது. அதை ஈடுசெய்ய, பாரம் தாங்கும் பக்கத்துத் தோள் தாழ்கிறது. இடுப்புக்கோடு ஒருபக்கம் சாய, தோள்கோடு எதிர்ப்பக்கம் சாயும். கழுத்துக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், பெரும்பாலும் அது பாரம் தாங்கும் பாதத்தின் கணுக்காலருகே வந்து நிற்கும்.

சோழர் காலத்து உமையம்மைச் செப்புத் திருமேனியில் நீங்கள் காணும் திரிபங்கம் இதுவேதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நூல் ஒன்றை மனத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்தச் சிற்பிகள் எலும்பைத் தோலுக்கடியில் மறைத்துவிட்டார்கள். அதன் சாய்வை மறைக்கவில்லை. எலும்பையே வெளியில் காட்ட வேண்டிய இடம் வந்தபோது, காரைக்கால் அம்மையார் உருவத்தில் காறை எலும்பையும் விலாவையும் துணிந்து காட்டினார்கள்.

அப்படியானால் 206 எலும்புகளும் ஓவியருக்கு வேண்டாமா? பெயர்ப்பட்டியல் வேண்டாம் என்பது என் கருத்து. எலும்பு எங்கே தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதே வேண்டும். பருத்தவர், மெலிந்தவர் யாராயினும் அந்த இடங்களில் சதை அதிகம் மூடுவதில்லை. உங்கள் உடம்பிலேயே தடவிப் பாருங்கள்: காறை எலும்பு, தோள்முனை, தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் புடைக்கும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு, முழங்கை முனை, இடுப்பெலும்பின் விளிம்பு, முழங்கால் சில்லு, முன்னங்கால் எலும்பு. இவற்றைப் புள்ளிகளாக முதலில் குறித்துவிட்டால் உருவம் பாதி நின்றுவிடும். உள்ளங்கையை மேலே காட்டிப் பின் கவிழ்த்துப் பாருங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன்மேல் குறுக்கே சுழன்று விழுகிறது. கவிழ்த்த கை வேறு வடிவில் தெரிவது இதனால்தான்.

இன்னொரு பிழையும் பொதுவானது. உடலின் நடுப்புள்ளி தொப்புள் என்று எண்ணிக் கால்களைக் குட்டையாக வரைகிறோம். நடுப்புள்ளி அதற்கும் கீழே, தொடைகள் பிரியும் இடத்தருகே இருக்கிறது.

சென்னையில் அந்த ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர்! அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். 1929 முதல் 1957 வரை அதற்குத் தலைமை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததுதான் 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையை நகர்த்தும் நால்வர். பாறையில் பலத்தையெல்லாம் செலுத்திச் சாய்ந்திருக்கும் உடலைப் பாருங்கள். பிறகு பாறையை மனத்தால் நீக்கிவிடுங்கள். அவரை நிற்கவைக்க முடியாது. விழவேண்டிய உடலைப் பாறை எதிர்த்துத் தாங்குவதால்தான் அந்த உழைப்பு நமக்குத் தெரிகிறது.

மெரினாவுக்குப் போக முடியாவிட்டாலும் பாடத்துக்குக் குறைவில்லை. திருவண்ணாமலை–செஞ்சி சாலையில் எங்கள் பேருந்து நிறுத்தமே போதும். மல்லாட்டை மூட்டையை முதுகில் ஏற்றியவர் முன்னால் குனிவார். மூட்டையும் உடலும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேலே வந்தாக வேண்டுமே! இடுப்பில் குடம் வைத்தவர் மறுபக்கம் சாய்வார். பேருந்துக்காகக் காத்திருப்பவர் சற்றைக்கொருமுறை கால் மாற்றுவார். ஒவ்வொரு முறையும் இடுப்பும் தோளும் சாய்வை மாற்றிக்கொள்ளும்.

அவள் இப்போது மாலைதோறும் அங்கே உட்கார்ந்து வரைகிறாள். நூலும் கல்லும் அவள் பையிலேயே இருக்கின்றன. நுழைவுத் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சென்ற வாரம் கொண்டுவந்த படத்தில் மூட்டைக்காரர் உறுதியாகவே நின்றார். நான் பாராட்ட வாயெடுப்பதற்குள், "கணுக்காலைப் பாருங்கள் சார், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் போட்டுவிட்டேன். உள்பக்கத்து எலும்புதானே மேலே இருக்கும்?" என்றாள். நான் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், உள்பக்கந்தான் மேலே இருக்கிறது.