சிறப்புக் கல்வி ஆய்வு: உதவித்தொகை யாருக்கு?

திருப்பதி: தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் தேவை என மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆய்வாளர்கள் வேண்டும்; அவர்கள் உருவாக நிதி வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இதற்கெனவே உள்ளதுபோல் தோன்றலாம். உண்மை வேறு. ஆண்டுக்கு 200 பேருக்கு ஒதுக்கப்படும் அத்தொகைக்கு ஆய்வாளர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். ஆய்வுப் பொருள் எதுவாகவும் இருக்கலாம். வேதியியல் ஆய்வாளரும் பெறலாம். மாற்றுத்திறனாளி அல்லாத ஒருவர் பிரெயில் கற்பித்தலை ஆராய்ந்தாலும் அதில் இடமில்லை. ‘நெட்’ தேர்வெழுதி, மாதம் ரூ.37,000 வழங்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு எல்லோருடனும் போட்டியிட வேண்டியதுதான்.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா, ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகங்களும், சித்தூர் மாவட்டக் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் உள்ளன. இப்பகுதி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. இத்துறைக்கென ஒதுக்கிய நிதிதான் தேவை.