மரம் அறுக்கும் சங்கிலி: மலிவு விலை லாபமா, நஷ்டமா?

மழைக்காலத்துக்கு முன்பு, மே மாதத்தில் நெருள் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சத்தம் பழக்கமானது. குடியிருப்புகளின் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் "செயின் சா" இயந்திரத்தின் சத்தம் அது.

இந்த இயந்திரத்தை வாங்கப் பலமுறை யோசிப்பவர்கள்கூட, அதில் ஓடும் சங்கிலியை வாங்கும்போது யோசிப்பதில்லை. "எது விலை குறைவு?" என்று மட்டும் கேட்டு வாங்கி வருகிறார்கள். ஆனால் மரத்தை அறுப்பது சங்கிலிதான். இயந்திரம் அதைச் சுழற்றுகிறது, அவ்வளவே.

மரம் அறுக்கும் கூலித் தொழிலில் இருக்கும் நம்மவர்களும், ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இங்கிருந்து வாங்கி அனுப்பும் அன்பர்களும் இந்தச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

புயலும் சங்கிலியும்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. 2021-ம் ஆண்டு மே 17-ந் தேதி டவ்தே புயல் மும்பை அருகே கடலில் கடந்து சென்றபோது, இங்கும் நூற்றுக்கணக்கில் மரங்கள் விழுந்தன.

இப்படிப்பட்ட சமயத்தில் பத்து நாள் வேலை ஒரே நாளில் வந்து நிற்கும். அப்போதுதான் சங்கிலியின் தரம் தெரியும். தென்னையின் அடித்தண்டு வெளிப்புறத்தில் மிகவும் கெட்டியானது. ரம்பத்தின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மரத்தில் மணலும் சேறும் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

புழு காட்டிய வழி

இன்றைய சங்கிலியின் பல் அமைப்புக்கு ஒரு புழுதான் காரணம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்தவர் ஜோசப் காக்ஸ். ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துத் துளைத்துச் செல்வதை அவர் கவனித்தார். அதே முறையில் இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி அமைத்த சங்கிலியை 1947-ம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இடப்பல்லும் வலப்பல்லும் ஒரே அளவாக இருந்தால்தான் வெட்டு நேராகப் போகும். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவோ கூர்மையாகவோ இருந்துவிட்டால், வெட்டு அந்தப் பக்கமாக வளைந்து, பார் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். மட்டமான சங்கிலியில் முதலில் தெரியும் குறை இதுதான்.

எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

நல்ல சங்கிலியின் பல்லுக்குப் பதமான எஃகு வேண்டும். அதன் மேல் கெட்டியான குரோமியப் பூச்சு இருக்கும். கூர்முனை நெடுநேரம் நிற்பது இந்தப் பூச்சினால்தான். பூச்சு மெலிந்தால் கூர் சீக்கிரம் போகும். எஃகின் பதம் குறைந்தால் பல் மழுங்கும். பதம் மிஞ்சினால் பல் உதிரும்.

அடுத்தது ரிவிட். சங்கிலி "நீள்கிறது" என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் இரும்பு ஒன்றும் இழுபட்டு நீள்வதில்லை. ரிவிட்டும் அது உட்காரும் துளையும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சிறிது இடைவெளி விழுகிறது. அத்தனையும் சேர்ந்து சங்கிலி தொங்குகிறது. புதுச் சங்கிலி முதல் நாள் கொஞ்சம் தளர்வது இயல்பு. தினமும் இறுக்க வேண்டியிருந்தால், எண்ணெய் சரியாக வரவில்லை அல்லது ரிவிட் மட்டம் என்று பொருள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

நெருளில் துறைமுகப் பாதை ரயில் ஏறி மஸ்ஜித்தில் இறங்கினால், கருவிக் கடைகள் நிறைந்த நாக்தேவி தெரு அருகில்தான். வாங்கப் போகும்போது பழைய சங்கிலியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்று அளவுகள் பொருந்த வேண்டும். ஒன்று, கண்ணி அளவு. அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளின் தூரத்தை இரண்டால் வகுத்தால் இது கிடைக்கும். இரண்டு, பாரின் பள்ளத்தில் ஓடும் கீழ்க்கண்ணியின் கனம். மூன்று, அந்தக் கீழ்க்கண்ணிகளின் எண்ணிக்கை. "இருபது இங்கிலீஷ் அங்குல பாருக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது.

சங்கிலியைக் கையில் வாங்கி ஒவ்வொரு கண்ணியாக மடக்கிப் பாருங்கள். சில கண்ணிகள் விறைப்பாகவும் சில தொளதொளவென்றும் இருந்தால் வேண்டாம். ரிவிட் தலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, இடவலப் பற்களின் நீளம் ஒன்றா என்று பாருங்கள்.

சில கடைகளில் பெரிய சுருளிலிருந்து வெட்டி இணைத்துக் கொடுப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் இணைக்கும் ரிவிட்டைச் சுத்தியலால் தட்டாமல், அதற்கென்று உள்ள கருவியில் வைத்து முடுக்கித் தரச் சொல்லுங்கள். பிரபலக் கம்பெனியின் பெயர் போட்ட உறையில் போலியும் வருவதால், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு சங்கிலி 400 ரூபாய், இன்னொன்று 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 10 நாள் உழைத்தால், நாளுக்கு 40 ரூபாய். இரண்டாவது 40 நாள் உழைத்தால், நாளுக்கு 30 ரூபாய். அரம் போடவும் இறுக்கவும் வேலையை நிறுத்தும் நேரத்துக்கும் கூலி உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதனால் மலிவுச் சங்கிலியே கூடாது என்பதில்லை. சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் புதைந்திருக்கும். வேர் அறுக்கும்போது மண்ணில் படும். இந்த வேலைக்கு நல்ல சங்கிலியைப் போட்டுப் பாழாக்குவானேன்? இதற்கு ஒரு மலிவுச் சங்கிலி, சுத்தமான மரத்துக்கு ஒரு நல்ல சங்கிலி என்று இரண்டு வைத்துக்கொள்வதே சிக்கனம்.

அரமும் எண்ணெயும்

தரக்குறைவு என்று தூக்கி எறியப்படும் சங்கிலிகளில் பல, அரம் படாமலும் எண்ணெய் இல்லாமலும் கெட்டவை. மரத்திலிருந்து சிராய் சிராயாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக உதிர்ந்தால் உடனே நிறுத்தி அரம் போட வேண்டும். கண்ணி அளவுக்கு ஏற்ற உருண்டை அரத்தால், எல்லாப் பல்லுக்கும் ஒரே சாய்வில், எண்ணி ஒரே அளவு தேய்க்க வேண்டும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் சற்றே தாழ்த்த வேண்டும். அதிகம் தாழ்த்தினால் இயந்திரம் துள்ளும்.

பழைய இன்ஜின் எண்ணெயை ஊற்றுவது பலரின் வழக்கம். அதில் உள்ள உலோகத் தூள் சங்கிலியையும் பாரையும் தின்றுவிடும்.

உயிரோடு விளையாட்டு

முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. ரிவிட் விட்டு அறுந்தால் அந்த வேகத்திலேயே பறக்கும். ஆகவே சங்கிலி ஓடும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பாரின் மூக்கின் மேல்பகுதி மரத்தில் பட்டால், இயந்திரம் முகத்தை நோக்கி எகிறும். ரப்பர் செருப்பும் லுங்கியுமாக நின்று அறுப்பது வேண்டாம். தலைக்கவசம், கண்ணாடி, கெட்டியான பூட்ஸ் மூன்றும் அவசியம்.

இன்னொரு விஷயம். மகாராஷ்டிர நகரங்களில் 1975-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சொந்தக் காம்பவுண்டில் உள்ள மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. வேலை கொடுப்பவரிடம் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே இயந்திரத்தை எடுக்க வேண்டும்.

ஊருக்குச் சங்கிலி வாங்கி அனுப்பும் அன்பர்கள், அதே பொட்டலத்தில் அளவுக்கேற்ற அரம் ஒன்றையும் சேர்த்து அனுப்பி வையுங்கள்.