தொழிலக விளக்குகளைச் செடிவளர்ப்புக்கு மாற்றியமைத்தல்

தொழிலக விளக்குகளைச் செடிவளர்ப்புக்கு மாற்றியமைத்தல் என்பது, தொழிற்சாலைக் கொட்டகைகளிலிருந்து கழற்றப்பட்ட மின்னிறக்க விளக்குகளை மீண்டும் கம்பியிட்டு, கட்டிடத்தினுள் வளரும் தாவரங்களுக்கு ஒளியூட்டப் பயன்படுத்துவதைக் குறிக்கும். சோடிய ஆவி விளக்கு, உலோக ஆலைடு விளக்கு, பாதரச ஆவி விளக்கு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் இவ்வாறு கிடைப்பவை. இவை மலிவாகக் கிடைப்பினும், இவற்றின் மின்சுற்று வீட்டு விளக்குகளின் மின்சுற்றைப் போன்றதன்று. எனவே எந்த உறுப்பை மீண்டும் பயன்படுத்தலாம், எதை விலக்க வேண்டும் என்பதே இப்பணியின் முதன்மையான கேள்வி ஆகும்.

பின்னணி

செயற்கை ஒளியில் செடி வளர்க்கும் முயற்சி புதியதன்று. உருசியத் தாவரவியலாளர் ஆந்திரேய் ஃபமின்ட்சின் 1868 இல் மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஆய்வு செய்தார். 1880 இல் வில்லியம் சீமென்சு வில்விளக்கின் ஒளியில் செடிகள் வளர்வதை இலண்டனில் காட்டினார். உயரழுத்தச் சோடிய ஆவி விளக்கு 1960களில் சந்தைக்கு வந்தபின் ஐரோப்பியப் பசுங்குடில்களில் அதுவே நெடுங்காலம் முதன்மை விளக்காக இருந்தது. ஆகவே, தொழிற்கூட விளக்கும் செடிவளர்ப்பு விளக்கும் அடிப்படையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ள கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளும் கம்பி உருட்டாலைகளும் இங்குண்டு. இத்தகைய உயர்ந்த கூரைகளில் 250 வாட்டு, 400 வாட்டு 'ஹைபே' விளக்குகளைத் தொங்கவிடுவது வழக்கம். ஒளியுமிழ் இருமுனைய (எல்.ஈ.டி) விளக்குகளுக்கு மாறும் ஆலைகள் பழையவற்றைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்புகின்றன. தெருவிளக்குகளுக்கும் இதே நிலைதான். 2015 சனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன.

காயலான் கடையில் ஒரு சிக்கல் உண்டு. சோக்கில் சுற்றப்பட்டுள்ள செம்புக்குத் தனி விலை, கூட்டின் அலுமினியத்துக்குத் தனி விலை என்பதால் இரண்டும் பிரிக்கப்பட்டுவிடுகின்றன. வாங்குபவருக்கு ஒரு விளக்கின் கூடும் வேறொரு விளக்கின் சோக்கும் கிடைக்க நேர்கிறது. பின்னால் விளக்கப்படும் பிழைகளில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

தாவரத்திற்கு வேண்டிய ஒளி

விளக்கின் மேல் குறிக்கப்படும் லூமென் அளவு மனிதக் கண்ணின் உணர்வை அடிப்படையாகக் கொண்டது. நம் கண் 555 நானோமீட்டர் அருகிலுள்ள பச்சை ஒளியை மிகுதியாக உணரும். தாவரமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களை ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகிறது. அவற்றின் எண்ணிக்கை மைக்ரோமோல் அலகில் அளக்கப்படும். நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் விழுகிறது. கீரை வகைகளுக்கு 200 மைக்ரோமோல் ஒளியை நாளொன்றுக்கு 14 முதல் 16 மணிநேரம் தந்தால் போதுமானது.

பாதரச ஆவி விளக்கின் ஒளி 405, 436, 546, 578 நானோமீட்டர்களில் தனித்தனிக் கோடுகளாக அமையும். சிவப்பு மிகக் குறைவு. செலவிடும் மின்னாற்றலுக்கு அது தரும் பயன் மிகச் சிறிது என்பதால் அதைச் செடிவளர்ப்புக்குத் தேர்ந்தெடுப்பது வீண். சோடிய ஆவி விளக்கில் மஞ்சளும் செம்மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. ஆகையால் அதன் கீழ் மட்டும் வளரும் நாற்றுகள் தண்டு நீண்டு மெலிவதுண்டு. உலோக ஆலைடு விளக்கில் நீலம் போதிய அளவு உள்ளது.

மாற்றிக் கம்பியிடல்

மின்னிறக்க விளக்கை நேரடியாக 230 வோல்ட்டில் இணைக்க இயலாது. ஒளிரத் தொடங்கியதும் அதன் மின்தடை சரிந்து, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். இதைத் தடுக்கவே ஃபேஸ் கம்பியில் சோக்கு தொடராக இணைக்கப்படுகிறது. சோடிய விளக்கில் இதனுடன் 'இக்னைட்டர்' என்னும் தொடக்கியும் சேரும். இது 3000 முதல் 5000 வோல்ட்டு வரையிலான துடிப்பை அனுப்பி வாயுவைக் கடத்தும் நிலைக்குக் கொண்டுவரும். துடிப்பு வரும் கம்பி ஹோல்டரின் நடுமுனைக்கே செல்ல வேண்டும். திருகுப் பகுதியில் நியூட்ரல் இணைக்கப்பட வேண்டும். மாறிவிட்டால் விளக்கு எரியக்கூடும், ஆனால் அதைத் திருகி மாற்றுபவரின் விரலுக்கு ஃபேஸ் வந்து நிற்கும்.

'400 வாட்டு' என்று எழுதியிருப்பதால் மட்டும் இரண்டு உறுப்புகள் பொருந்திவிடா. 400 வாட்டு பாதரச விளக்கு ஏறத்தாழ 3.25 ஆம்பியரில் இயங்குவது. அதே திறனுள்ள சோடிய விளக்கு ஏறத்தாழ 4.6 ஆம்பியரில் இயங்குவது. பாதரச சோக்கில் சோடிய விளக்கைப் பொருத்தினால் தொடக்கி இல்லாமல் அது பற்றாது. பற்றினாலும் மங்கலாகவே எரியும். சோடிய சோக்கில் பாதரச விளக்கைப் பொருத்துவதோ ஆபத்து. மிகை மின்னோட்டத்தால் விளக்கு அளவுக்கு மீறிச் சூடாகும். எனவே சோக்கின் தகட்டில் ஆம்பியரும் விளக்கு வகையும் படிக்க முடியாதபடி அழிந்திருந்தால் அதைப் பழைய செம்பாகக் கருதிவிடுவதே நல்லது.

செடிகளின் அருகே வெப்பம் வேண்டாம் என்று சோக்கை அறைக்கு வெளியே வைக்க விரும்புவோர் உண்டு. சோக்கை அப்படி வைக்கலாம். ஆனால் தொடராக இணையும் தொடக்கி விளக்கின் அருகிலேயே இருக்க வேண்டும். கம்பி நீண்டால் அதன் மின்தேக்கத்தில் துடிப்பு நலிந்து, விளக்கு பற்றாமல் போகும்.

மின்தேக்கி (கண்டென்சர்) வழங்கல் முனைகளுக்கு இணையாக இடப்படுகிறது. 400 வாட்டு சோடிய விளக்கிற்கு இது ஏறத்தாழ 45 மைக்ரோபாரடு. இது இல்லாவிடினும் விளக்கு எரியும். ஆயினும் வீட்டுக் கம்பியில் 2 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 4 ஆம்பியருக்கு மேல் ஓடும். மின்தேக்கி மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தடை ஒன்றின் வழியாக அதை இறக்காமல் முனைகளைத் தொடலாகாது. எண்ணெய் நிரப்பிய மிகப் பழைய மின்தேக்கிகளில் பாலிகுளோரினேற்ற பைபீனைல் என்னும் நச்சு இருக்கக்கூடும். அவற்றைத் திறக்கவோ மீண்டும் பயன்படுத்தவோ கூடாது.

உருட்டாலையிலிருந்து வந்த விளக்காயின் இன்னொரு வேலையும் உண்டு. சூடான இரும்பிலிருந்து உதிரும் ஆக்சைடுச் செதிலும் இரும்புத் தூளும் ஹோல்டரின் இடுக்குகளில் படிந்திருக்கும். ஈரக்காற்று சேர்ந்தால் இப்படிவு மின்சாரத்தைக் கசியவிடும். பல ஆயிரம் வோல்ட்டுத் துடிப்போ அதன் வழியே பொறியாகப் பாயும். துலக்கினாலும் போகாவிட்டால் பீங்கான் ஹோல்டரைப் புதிதாக மாற்றுவதே முறை. வெப்பத்தில் வெடித்துப்போன பழைய கம்பிகளை நீக்கிச் சிலிக்கோன் உறையுள்ள கம்பிகளை இட வேண்டும். நீர் தெளிக்கப்படும் இடமாதலால் உலோகக் கூட்டுக்கு எர்த்து இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

மின்செலவும் வெப்பமும்

400 வாட்டு சோடிய விளக்கு சோக்கின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 440 வாட்டு எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 16 மணிநேரம் எரித்தால் 7 அலகு. தமிழ்நாட்டில் வீட்டு மின்பயன்பாடு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், இந்த ஒரு விளக்கு மட்டும் ஒரு கணக்கெடுப்பில் 420 அலகுக்கு மேல் சேர்க்கும். படிநிலைக் கட்டணத்தில் வீட்டின் மற்றப் பயன்பாட்டையும் அது மேல்படிக்குத் தள்ளும். காயலான் கடையில் மிச்சப்பட்ட பணம் முதல் கட்டணச் சீட்டிலேயே போய்விடலாம். அத்துடன் அந்த 440 வாட்டும் இறுதியில் அறையின் வெப்பமாகிறது. குளிர்நாட்டுப் பசுங்குடிலுக்கு இது உதவி; மே மாதத்துக் கும்மிடிப்பூண்டிக்கு அன்று. வெயில் விழும் மொட்டைமாடி உள்ளவர் இம்முயற்சியில் இறங்கத் தேவையில்லை என்றே கூறலாம்.

மாறாக, கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு சோக்கு, தொடக்கி, மின்தேக்கி மூன்றையும் நீக்கி, உள்ளே நல்ல திறனுள்ள 100 வாட்டு ஒளியுமிழ் இருமுனையப் பலகையையும் மாறா மின்னோட்ட 'டிரைவர்' ஒன்றையும் பொருத்தலாம். இது நொடிக்கு ஏறத்தாழ 250 மைக்ரோமோல் தரும். ஒரு சதுர மீட்டர் கீரைப் படுக்கைக்கு இது போதும். அதே 16 மணிநேரத்திற்கு இரு மாதச் செலவு 96 அலகு. வார்ப்பு அலுமினியக் கூடு வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றவும் உதவும். பலகைக்கும் கூட்டுக்கும் இடையே வெப்பக்களிம்பு பூசி இறுகத் திருகுவது இன்றியமையாதது. பழைய சோக்கைச் சுற்றில் விட்டுவைப்பது அடிக்கடி காணப்படும் பிழை.

உடைந்த விளக்குகள்

உலோக ஆலைடு, பாதரச ஆவி விளக்குகளின் வெளிக்கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுப்பது. அது உடைந்த பின்னரும் உட்குழல் சில வேளை தொடர்ந்து எரியும். அவ்வொளி கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், இலையையும் கருக்கும். உட்குழலும் உடைந்தால் பாதரச ஆவி அறையில் பரவும். உயரழுத்தச் சோடிய விளக்குகள் பெரும்பாலானவற்றிலும் பாதரசம் உண்டு என்பது பலர் அறியாதது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 இல் ஏற்றது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளும் பாதரச விளக்குகளை உள்ளடக்குகின்றன. ஆகவே கழற்றிய விளக்குகளைக் குப்பையில் இடாமல், உடையாதபடி அட்டைப்பெட்டியில் வைத்துப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். காயலான் கடைக்காரர் விளக்கையும் சேர்த்து இலவசமாகத் தந்தால் உடைக்காமல் கொண்டுவருவது வாங்குபவர் பொறுப்பு. அங்கேயே விட்டுவந்தால் அது பெரும்பாலும் அக்கடையின் தரையிலேயே உடையும்.