பல்லக்குக்கு மாலை, பாதைக்கு இதழ்: பஞ்சாபின் செண்டுமல்லி கணக்கு

செண்டுமல்லி போடும் விவசாயியா நீங்கள்? அப்படியானால் ஆயுதபூஜைக்கு முதல் நாள் விற்ற விலை இரண்டு நாளில் எப்படிச் சரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சாப் விவசாயிக்கும் இதே பாடுதான். அங்கே அவர் பார்த்து நடுவது சீக்கியர்களின் திருநாட்களை. நம் ஊரில் சிலர் கேந்திப்பூ என்கிறோமே, அதுதான் அங்கே கேந்தா.

நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் மாநிலம் அது. நெல்லுக்கு நீர் இறைத்து இறைத்து நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. மாற்றுப் பயிருக்குப் போகச் சொல்லி அதிகாரிகள் பல ஆண்டுகளாகக் கூறி வருகிறார்கள். ஆனால் நெல், கோதுமையை ஆதரவு விலையில் அரசு வாங்குகிறது. பூவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பூவுக்கு மாறுகிற விவசாயிக்கு, எந்த நாளில் யார், எதற்கு வாங்குவார் என்று தெரிந்திருப்பதுதான் ஒரே பிடிமானம்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் தினமும் பூ தேவை. விடியுமுன் அகால் தக்த்திலிருந்து குரு கிரந்த சாகிப்பைப் பல்லக்கில் வைத்துக் கோயிலுக்குள் கொண்டு செல்வார்கள். இரவில் அதேபோல் திரும்பும். பல்லக்கை மாலைகளால் அலங்கரிப்பதும், வழியில் பக்தர்கள் இதழ் தூவுவதும் உண்டு. நகரை நிறுவிய குரு ராம்தாஸின் பிறந்த நாள் அக்டோபர் வாக்கில் வரும். அன்று கோயிலே பூவால் மூடப்பட்டது போல இருக்கும். டன் கணக்கில் பூவும், அதைக் கட்டுவதற்கு ஆட்களும் வெளிமாநிலங்களில் இருந்து வருகிறார்கள். உள்ளூர் விளைச்சல் போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

திருநாள் ஊர்வலங்களில் 'ஐந்து அன்பர்கள்' முன்னே நடக்க, பின்னால் பல்லக்கு வரும். வழிநெடுக ரோஜா, செண்டுமல்லி இதழ்களை வாரி இறைப்பார்கள். மாலைக்கு ஒரே அளவான, கெட்டியான பூ வேண்டும். இதழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காம்பு முறிந்த பூவும், அளவில் சிறுத்த பூவும் இதற்கு ஆகும். நிறம் மங்காமல் இருந்தால் போதும். தரம் பிரிக்காமல் மொத்தமாக மூட்டை கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் காசை விடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இறுதிச் சடங்கின் கணக்கு வேறு. சீக்கியர் சடங்கில் பூ கட்டாயமில்லை. 1945ல் ஏற்கப்பட்ட நடத்தை விதிகள் எளிமையையே சொல்கின்றன. உடலைக் குளிப்பாட்டி, தூய ஆடை உடுத்தி, குருவாணி பாடிக்கொண்டு போய் எரியூட்ட வேண்டும், மாரடித்து அழக்கூடாது, எரித்த இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பக்கூடாது. சாம்பலை ஓடும் நீரில் விடலாம், அல்லது அங்கேயே புதைத்து நிலத்தைச் சமன் செய்யலாம். சாம்பலை நீரில் விடுவதற்காகவே சட்லஜ் கரையில் உள்ள கீரத்பூர் சாகிப்புக்குப் பலர் செல்கிறார்கள். எரிந்து மிஞ்சும் எலும்புக்குப் பஞ்சாபியில் 'ஃபுல்', அதாவது பூ என்றே பெயர். விதி கேட்காவிட்டாலும் உறவினர்கள் அன்பினால் மாலை சாத்துகிறார்கள், இதழ் தூவுகிறார்கள். இந்தத் தேவை சிறியது; ஆனால் நாள் கிழமை பார்த்து வராது. பூக்கடைக்காரர் அதற்காகத் தினமும் கொஞ்சம் இருப்பு வைத்திருப்பார். நாள் தவறாமல் பத்து கிலோ தருகிற விவசாயியைத்தான் அவர் கைவிடமாட்டார்.

சாவையும் பூவையும் சேர்த்துச் சொல்லும் கதை ஒன்று சீக்கிய மரபில் உண்டு. 1539ல் கர்தார்பூரில் குரு நானக் மறையும் தறுவாயில், எரிப்பதா புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதிட்டனர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பூ வையுங்கள், காலையில் யாருடைய பூ வாடாமல் இருக்கிறதோ அவர்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார் குரு. விடிந்து துணியை விலக்கினால் உடலைக் காணோம். இரு பக்கப் பூவும் வாடவில்லை. அந்த இடம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 2019 நவம்பரில் திறந்த பாதை வழியாக இந்திய பக்தர்கள் அங்கே சென்று வந்தார்கள்.

இனி சாகுபடிக் கணக்கு. குரு நானக் பிறந்த நாள் பௌர்ணமியில் வருவதால் தேதி நகரும். 2023ல் நவம்பர் 27, 2024ல் நவம்பர் 15, 2025ல் நவம்பர் 5. மூன்று ஆண்டுகளில் மூன்று வாரத்துக்கு மேல் முன்னே வந்துவிட்டது. போன வருடம் விதைத்த தேதியிலேயே இந்த வருடமும் விதைத்தால், சந்தை முடிந்த பிறகுதான் பூ வரும். நாற்றுக்கு 30 நாள், நட்டபின் முதல் பூவுக்கு 60 நாள், பூப்பு உச்சத்துக்கு வர மேலும் 10 நாள். திருநாளிலிருந்து 100 நாள் பின்னோக்கி எண்ணுங்கள். நவம்பர் 27க்கு ஆகஸ்ட் 19ல் விதைக்க வேண்டும். நவம்பர் 5 என்றால் ஜூலை 28. நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் பக்கக் கிளை பெருகும், ஆனால் முதல் பூ சில நாள் தள்ளிப்போகும். அதையும் சேர்த்து எண்ணுங்கள். நம் தீபாவளிக்கும் ஆயுதபூஜைக்கும் இதே கணக்குதான்.

ஏக்கருக்கு 600 கிராம் விதை, 10 டன் தொழு உரம், 45க்கு 35 செ.மீ. இடைவெளி என்பது நம் பக்கத்துப் பரிந்துரை. வீரிய ஒட்டு ரகம் என்றால் விதை அளவு குறையும், பாக்கெட்டைப் பாருங்கள். நன்றாகப் பராமரித்தால் ஏக்கருக்கு 7 டன் வரை பூ எடுக்கலாம். தக்காளி, கத்தரியில் வேர் முடிச்சு நூற்புழு கண்ட வயலில் அடுத்து செண்டுமல்லி போட்டால் புழு குறையும். பூ விலை ஏமாற்றினாலும் இந்த லாபம் மண்ணில் நிற்கும்.

குருத்வாராவுக்கு விற்க பஞ்சாப் வரை போக வேண்டியதில்லை. சென்னை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் ஒன்று இருக்கிறது. அங்கேயும் குரு நானக் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் ஒரு மாதம் முன்பே போய், மாலை எத்தனை, உதிரிப்பூ எத்தனை கிலோ என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கவேண்டாம். பஞ்சாபில் நவம்பர் மாதம் காய்ந்த குளிர்; நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாத்தியும் வடிகாலும் இல்லாத வயலில் செடி அழுகும். மழை விட்டதும் பறிக்க நேர்ந்தால் பூவை நிழலில் பரப்பி ஈரம் போக்குங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் சந்தைக்குப் போவதற்குள் நடுப்பூ கருத்துவிடும்.