ஆற்றங்கரையில் ஓர் இறைச்சிச் சாலை

தென் அமெரிக்காவில், உருகுவே நாட்டுக்குப் பெயர் தந்த உருகுவே ஆற்றின் கரையில், பிரே பெந்தோஸ் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. தேசப்படத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆயினும் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் யாவரும் அப்பெயரை அறிந்திருந்தனர். அவர்கள் உண்ட இறைச்சித் தகரங்களின்மேல் அது அச்சிடப்பட்டிருந்தது. 1917-இல் ஒரு டாங்கிக்கே அப்பெயரைச் சூட்டினார்கள். தகரத்துக்குள் அடைபட்ட இறைச்சி நாங்களே என்ற கேலி அதில் இருந்திருக்க வேண்டும். புலால் மறுத்தவர்களும் கேட்கத் தகுந்த வரலாறு இது என்பது என் எண்ணம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்தப் புல்வெளிகளில் மாடுகள் மிகுதி, மனிதர்கள் குறைவு. தோலுக்காகவும் கொழுப்புக்காகவுமே மாடுகளைக் கொன்றனர். குளிரூட்டும் கப்பல்கள் இல்லாத காலம். உப்பிட்டு உலர்த்தியது போக எஞ்சிய இறைச்சி வீணாயிற்று. ஐரோப்பாவிலோ ஏழைக்கு இறைச்சி எட்டாக் கனி. ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், இறைச்சியை நீரில் வேகவைத்துக் கொழுப்பை நீக்கி, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் குழம்பாக்கும் முறையை 1847-இல் வெளியிட்டார். கீபர்ட் என்ற பொறியியலாளர் அம்முறையைப் பிரே பெந்தோசில் பெரிய அளவில் கையாண்டார். 1865-இல் லண்டனில் லீபிக் கம்பெனி தோன்றியது.

ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ முப்பது கிலோ இறைச்சி தேவைப்பட்டது. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இறைச்சியின் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்று லீபிக் நம்பினார். புரதத்தின் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது என்று பிற அறிஞர்கள் காட்டினர். எனினும் சுவைக்காகச் சாறு விற்றது. 1873 முதல், உப்பில் பதப்படுத்திய மாட்டிறைச்சியும் தகரங்களில் அடைபட்டு ஏற்றுமதியாயிற்று. தோல், எலும்பு, கொழுப்பு, இரத்தம் என எதையும் கம்பெனி வீணாக்கவில்லை.

ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பு எழுந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து மக்கள் வேலை தேடி வந்தனர். 1924-இல் ஆலை இங்கிலாந்தின் வெஸ்டி குடும்பத்தார் வசமாகி, 'ஆங்லோ' என்று பெயர் பெற்றது. ஊர் முழுவதும் அதன் சங்கொலிக்கு எழுந்து, அதன் கூலியில் உண்டது. அதுவே ஊருக்கு வாழ்வாகவும் ஆபத்தாகவும் இருந்தது. பிரிட்டனில் வாங்குவோர் குறையக் குறைய, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இங்கே அடுப்புகள் அணைந்தன. பின்னர் அரசின் கைக்கு மாறியும் நிலைக்கவில்லை. 1979-இல் ஆலை மூடப்பட்டது.

கட்டடங்களை இடித்துவிடாமல் காத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். இயந்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆலை தொழிற்புரட்சி அருங்காட்சியகமாயிற்று. 2015-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பிரே பெந்தோஸ் என்ற பெயரோ பிரிட்டனில் இறைச்சித் தகரங்களின்மேல் இன்னும் வாழ்கிறது. அத்தகரங்கள் இப்போது அவ்வூரிலிருந்து வருவதில்லை.