முந்தானை நிழல்

வன்னி நிலத்திலே குளமின்றி ஊர் இல்லை. கிணறின்றி வளவு இல்லை. வாழ்வு தரும் அந்நீரே, பார்ப்பார் இல்லாத வேளையில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்குக் கூற்றாகவும் மாறிவிடுகின்றது. கச்சான் பிடுங்கும் காலத்தில் விடியுமுன் தோட்டத்திற்குப் புறப்படும் தாயையும், ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்காகத் தெருவோரம் காத்து நிற்கும் தாயையும் வாட்டும் கேள்வி ஒன்றே: “பிள்ளையை ஆரிடம் விடுவது?”

முன்னாளில் இக்கேள்விக்கு விடை வீட்டிலேயே இருந்தது. அம்மம்மாவின் மடியும் பெரியம்மாவின் இடுப்பும் பிள்ளையைச் சுமந்தன. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் எத்தனையோ குடும்பங்களில் அந்த மடிகளை இல்லாமற் செய்துவிட்டது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலராயினர். ஆதலின், அயலிலுள்ள பெண்ணொருத்தி தன் வீட்டையே நான்கைந்து பிள்ளைகளுக்குப் பகற்பொழுதுப் புகலிடமாக்குதல் காலத்தின் தேவையாயிற்று.

“வீடு சிறிதாயிற்றே!” என்று தயங்குவோர் உண்டு. 2012 முதல் இந்திய உதவியுடன் வன்னியில் எழுந்த வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடிப் பரப்பே கொண்டவை. ஆயினும் வேண்டுவது பரப்பு அன்று, ஒழுங்கே.

வன்னியைப் போலவே வீட்டைச் சூழ நீர்நிலைகள் கொண்ட வங்காளதேசத்துச் சிற்றூர்கள் இதற்குச் சான்று. தாய்மார் வேலையில் ஈடுபட்டிருக்கும் முற்பகலில், காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவ்வூர்ப் பெண்ணொருத்தியின் வீட்டிலேயே பேணும் முறை அங்கே ஏற்பட்டது. ‘ஆஞ்சல்’ என்பது அதன் பெயர். சேலை முந்தானை என்பது பொருள். நீரில் மூழ்கி இறக்கும் குழந்தைகளின் தொகை அதனாற் பெரிதும் குறைந்தது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய பகற்பராமரிப்பைப் பரிந்துரைத்தது.

இனி, நம் வீட்டை ஒழுங்கு செய்யுமாறு காண்போம். பிள்ளைகள் புகும் இடம், புகாத இடம் என வீட்டை முதலில் இரண்டாக வகுத்தல் வேண்டும். விறாந்தையும் நடு அறையும் பிள்ளைகளுக்கு உரியன. குசினி வாயிலுக்கு இடுப்பளவு தட்டி ஒன்று போதும். அடுப்பும் மண்ணெண்ணெயும் அதற்கப்பால் இருக்கட்டும். பூச்சிமருந்து பூட்டினுள் இருத்தல் வேண்டும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும் இன்றியமையாதன. வெற்று வாளிகளைக் கவிழ்த்து வைக்க. ஒரு சாண் நீரும் கைக்குழந்தைக்கு ஆழமே. பாம்பு ஒதுங்காதபடி முற்றத்துப் பற்றையை வெட்டுக. படலைக் கொளுக்கி பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அறையின் ஒரு மூலையில் ஏணையும் பன்பாயும் உறங்குவோர்க்கு. வேப்பமர நிழல் விளையாடுவோர்க்கு.

இவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு. பராமரிப்பவள் அமரும் இடத்திலிருந்தே உறங்கும் பிள்ளையும் ஆடும் பிள்ளையும் ஒருங்கே கண்ணிற் படவேண்டும். கண் செல்லாத மூலை எத்துணை அழகியதாயினும் அது பிள்ளைக்கு ஆகாது.

அக்கண்ணுக்கும் ஊதியம் உண்டு என்பதை ஊர் மறத்தலாகாது. பகல் முழுதும் இமையாது காப்பவளை “வீட்டிலே சும்மா இருப்பவள்” என்பது அறமன்று. அவளுக்குரிய கூலியை வகுக்கவும், ஆண்டுக்கொரு முறையேனும் அவள் வளவையும் கிணற்றையும் சென்று பார்க்கவும் ஊர் ஆசிரியர்களும் சங்கங்களும் முன்வருவார்களாயின், தோட்டத்திலே குனிந்து நிற்கும் தாய், வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாராமல் தன் வேலையைச் செய்வாள்.