பாலைநகரத்து நிலத்தடி நீர்

வறண்ட நிலத்திலே நகரம் வளருமாயின் அதன் கிணறுகள் வற்றுமென்பது யாவரும் எண்ணுவதே. வீடுகள் பெருகப் பெருக, மழைநீர் உட்புகும் வெற்றுநிலம் கல்லாலும் காரையாலும் மூடப்படுகின்றது; கிணறுகளினின்று இறைப்பதோ நாளுக்குநாள் மிகுகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் நீர்மட்டம் தாழ்வது இயல்பன்றோ? ஆயினும் இவ்விதி எங்கும் செல்லாதென்பதற்கு இராஜஸ்தானத்து ஜோத்பூர் சான்றாக நிற்கின்றது.

1459-ஆம் ஆண்டில் இராவ் ஜோதா என்னும் அரசர் நிறுவிய இந்நகர் தார்ப் பாலையின் ஓரத்துள்ளது. ஆண்டு மழை ஏறக்குறைய 14 அங்குலமே. ஆகவே முன்னோர் குன்றின்மேல் விழும் மழையை வாய்க்கால்களால் ஏரிகளுக்குக் கொணர்ந்து, நகரினுள்ளே பாவடி எனப்படும் படிக்கிணறுகளைக் குடைந்தனர். (அப்பெயரும் நம் வாவியும் வடமொழி வாபியினின்று பிறந்தவை.) ஏரியினின்று கசிந்தது கிணற்றில் ஊறும், ஊறியதை மக்கள் நாடோறும் முகந்தனர்.

இவ்வொழுங்கு குழாய்நீரால் குலைந்தது. சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகேயினின்று புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீர், இயந்திரங்களால் மேலேற்றப்பட்டு, 1990-களின் பிற்பகுதியில் நகரின் மேற்கிலுள்ள காயலானா ஏரியை அடைந்தது. இமயத்து நீரை வீட்டிலே பெற்றவர் படிக்கிணற்றை நாடுவரோ? கிணறுகள் பல குப்பைக்குழிகளாயின. கசிவோ நிற்கவில்லை. குழாய்களின் ஒழுக்கும் சாக்கடைகளின் ஒழுக்கும் அதனோடு சேர்ந்தன. அடியிலுள்ள கடும்பாறை வழிவிடாமையின் நீர் மெல்ல மேலெழுந்து, பழைய கடைத்தெருக்களின் நிலவறைகளிற் புகுந்தது. அந்நீரை இயந்திரம் வைத்து இறைத்துச் சாக்கடையில் விடவேண்டியதாயிற்று!

பெலிஸ்தர் தூர்த்த துரவுகளை ஈசாக்கு மீண்டும் தோண்டிய வரலாற்றைப் படிக்குந்தோறும், கிணறு தூர்ப்பது பகைவர் தொழிலென்றே யாம் எண்ணியிருந்தோம். தம் கிணற்றைத் தாமே தூர்த்து, அதனால் நீரில் அமிழ்ந்த ஊரும் உண்டென்பதை இப்பொழுதே அறிந்தோம்.

நகர்க்குப் புறத்தே நிலைமை முற்றும் வேறு. ஆழ்குழாய்க்கிணறுகளால் பாசனத்திற்கு இறைப்பதனால், அம்மாவட்டத்தின் பல பகுதிகளில் நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே செல்கின்றது. ஒரு மாவட்டத்திலேயே உழவன் நீருக்காக ஆழத் தோண்ட, வணிகன் நீரை வெளியேற்ற வழி தேடுகின்றான். நிலவறை நீர் கழிவு கலந்தமையின் பருகுதற்காகாது. தோட்டத்திற்கும் கட்டட வேலைக்கும் ஆகும். கிணற்றினின்று முகப்பது மீண்டும் தொடங்கினாலன்றி அந்நீர் இறங்காது. 18-ஆம் நூற்றாண்டினதாகிய தூர்ஜி படிக்கிணறு அண்மையில் தூர்வாரப்பெற்றது. குப்பையினடியில் மறைந்துகிடந்த அதன் செம்மணற்கற் படிகள் இன்று வெளியே தெரிகின்றன.